காதோரத்துக் கொசு

தோள் எலும்பு முறிந்த செண்பகவல்லிக்கு மருத்துவமனையில் பயிற்சிச் சட்டை மாட்டிவிட்டார்கள். அதன் ஜோடி பெங்களூரில் மகன் முகுந்தனிடம் இருந்தது. காலையில் அங்கே அவன் கையைத் தூக்கினால் இங்கே அவள் கையும் உயரும். அவனே பக்கத்தில் நின்று பிடித்துத் தூக்குவது போலிருக்கும்.

முதல் நாள், பாதியில் கை மடங்கி அவள் காதைச் சொறிந்தது.

“அங்கயும் கொசுவா கண்ணு?” என்று தனியே சிரித்தாள்.

மறுநாளும் அதே இடத்தில் கை காதைச் சொறிந்தது. மூன்றாம் நாளும் சொறிந்தது. முதல் நாள் தூக்கியதைச் சட்டையில் பதிவுசெய்துவைத்து தினமும் அதையே அனுப்புகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாலையில் போன் செய்தான். “இன்னிக்கு நல்லா தூக்கிவிட்டனாம்மா?”

“நல்லா தூக்குன கண்ணு.”

மறுநாள் காலை கை காதருகே வந்தது.

“இன்னும் போகலையா அந்தக் கொசு?” என்று கேட்டாள்.