நிழல் விழுந்த நாடு

வைத்திலிங்கம் தன் மொட்டைமாடியைத் தனி நாடாக அறிவித்தபோது இயற்றிய சட்டம் ஒன்றே ஒன்றுதான்: நிழல் யாருடையதோ, அது விழும் நிலமும் அவருடையது. சாயங்காலமானால் அவருடைய கொடியின் நிழல் மதிலைத் தாண்டிக் கிழக்கே நீண்டு, பக்கத்து வீட்டு பியூலாவின் துவைக்கிற கல் வரை போகும். அதுவரைக்கும் நாட்டின் வரைபடத்தில் பச்சை அடித்துவைத்திருந்தார். பியூலாவுக்கு இது எதுவும் தெரியாது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் தன் வீட்டின்மேல் இரண்டு மாடி எடுத்தாள். சாரம் பிரித்த மறுநாள் காலை வைத்திலிங்கம் மேலே போய்ப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம், அவர் உட்காரும் நாற்காலி எல்லாமே பியூலா வீட்டு நிழலுக்குள் கிடந்தன.

"சட்டத்த மாத்திட்டாப் போச்சு," என்றாள் மனைவி செண்பகம். நாட்டின் ஒரே குடிமகள் அவள்தான்.

"தோத்த பிறகு மாத்துனா அதுக்குப் பேரு சட்டமா?"

கொடியை இறக்கி மடித்தார். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்தார். கதவு திறந்ததும் இரண்டு கையாலும் கொடியை நீட்டினார்.

பியூலா அதை விரித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுத் துணி இல்லியேண்ணே. பின்னாடி வீட்டுல கேட்டுப் பாத்தீங்களா?"