இரண்டாவது குடம்

சின்னம்மை இன்றைக்கும் ஒரு குடம் தண்ணீரை மண்ணுக்குள் ஊற்றினாள்.

சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்று மயில்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். பனிமூட்டத்தில் ஆள் தெரியவில்லை. மஞ்சள் பிளாஸ்டிக் குடம் மட்டும் தானாக மிதந்து வந்தது. எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் பின்புறம், தரையிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் சாய்ந்தது. களக் களக்கென்று சத்தம்.

கனவு மாதிரிதான் இருந்தது. ஆனால் மூன்று நாளாக ஒரே கனவா வரும்?

மழை பெய்து நாலு மாதமாகிறது. டேங்கில் அடிச்சேறு தெரிகிறது. லைன் குடியிருப்பில் வீட்டுக்கு நாளைக்கு ரெண்டே குடம். டேங்க் சாவி ஆபரேட்டர் மயில்சாமியின் இடுப்பில்.

"செய்வினைதானுங்க," என்று நேற்றே சொல்லியிருந்தாள் வேணி, தண்ணீர் வரிசையில் குடத்தை நகர்த்திக்கொண்டே. "புருஷன் காத்தமுத்து போன கோடையில போய்ச் சேர்ந்ததுல இருந்தே அவ ஒரு மாதிரி. ஒரு கை உப்பு வேற போடறா, என் கண்ணால பார்த்தனுங்க."

"யாருக்கு வெக்கறா?"

"உங்களுக்குத்தானுங்க. சாவி உங்ககிட்டல்ல இருக்குது!"

வரிசையே சிரித்தது. மயில்சாமி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினார். 'குடிதண்ணீரை வேண்டுமென்றே வீணாக்கும் சின்னம்மைக்கு இனி ஒரு குடம்தான் தர வேண்டும்.' அதுதான் இப்போது சட்டைப் பையில் இருக்கிறது.

மரத்தை விட்டு வெளியே வந்தார்.

"ஏம்மா, குழாய்க்குத் தாகமாக்கும்?"

சின்னம்மை திடுக்கிட்டாள். பிறகு குடத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டாள்.

"என் பங்குத் தண்ணிங்கண்ணா. இன்னொரு குடத்துல நான் சமாளிச்சுக்கறேன்."

"உன் பொண்ணு பள்ளிக்கூடம் போறா. அவளுக்குக் குளிக்கத் தண்ணியில்ல. மண்ணுல ஊத்தறியே, எதுக்கு?"

"சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்க."

"எனக்கென்ன சங்கடம்?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு மூச்சு வாங்குதுங்கண்ணா. கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க," என்றாள். மஞ்சள் குடம் பனிக்குள் மிதந்து போனது.

எவ்வளவு திமிர்!

ஒன்பது மணிக்கு மேனேஜர் ஆபீஸுக்குக் கிளம்பினார். பாதி ஏற்றத்தில் நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துவது போலிருந்தது. தேயிலைச் சரிவு முழுக்க வெள்ளையாகி, காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்றே தெரியவில்லை. கைக்குத் தட்டுப்பட்டது டிஸ்பென்சரி கதவு.

"படுங்கண்ணா, பேசாதீங்க," என்றாள் நர்ஸ் ஜீவிதா. "சட்டையைக் கழட்டுங்க. செல்லு, சாவி எல்லாத்தையும் அந்த மேசையில வெச்சிடறேன். பக்கத்துல செல்லு இருந்தாலே ஈசிஜி மெஷின் உளறும்."

கடிதமும் மேசைக்குப் போனது. ட்யூப்லைட்டையும் அணைத்தாள். ஜன்னலில் பனியின் வெளிச்சம் மட்டும்.

மெஷினிலிருந்து காகிதம் மெல்ல நகர்ந்து வந்தது. அதில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. மூட்டம் விலகினதும் தெரியும் மலைவரிசை மாதிரி அத்தனை தெளிவு.

ஜீவிதா அதைப் படமெடுத்துக் குன்னூர் டாக்டருக்கு அனுப்பினாள். ரெண்டே நிமிஷத்தில் போன் வந்தது. பேசிவிட்டு ஒரு மாத்திரையை அவர் கையில் வைத்தாள்.

"மென்னு முழுங்குங்க. ஜீப் வருது. இது நெஞ்சுவலிதானாம், ஆனா ஆரம்பத்துலயே தெரிஞ்சிருச்சு, பயமில்லைன்னு டாக்டர் சொல்றாரு." மூச்சு விட்டுச் சிரித்தாள். "எல்லாம் உங்க புண்ணியம்தாங்கண்ணா!"

"என் புண்ணியமா?"

"போன கோடையில யாருக்கு எடுத்தாலும் கோடு முள்ளுக்கம்பியாட்ட நடுங்கும். காத்தமுத்து அண்ணனுக்கும் அப்படித்தான். டாக்டருக்கே ஒண்ணும் புரியல. வாயுவா இருக்கும்னு ஊட்டுக்கு அனுப்பிச்சோம். விடியறதுக்குள்ள..." அவள் குரல் இறங்கியது. "அப்புறம்தான் ஜஸ்டஸ்னு ஒரு டெக்னீஷியன் வந்து, பம்ப் மோட்டார் ஒயரையெல்லாம் தள்ளிப் போட்டு, மெஷினுக்குன்னு தனியா, கசியற கரண்டு மண்ணுக்குள்ள இறங்கறதுக்கு எர்த் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு மூடினாரு. அதோ, பின்னால குழாய் தெரியுதே, அதுக்குக் கீழதான் குழி. மழைக்காலத்துல கவலையில்ல. கோடையில குழி காஞ்சா கோடு மறுபடி நடுங்கும், தினம் ஒரு குடம் தண்ணி ஊத்தணும்னு எழுதி, உங்ககிட்டத்தானே கையெழுத்து வாங்கினாரு!"

சுவரைக் காட்டினாள். மெஷினுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'தினம் ஒரு குடம் தண்ணீர். மாதம் ஒருமுறை ஒரு கை உப்பு. பொறுப்பு: டேங்க் ஆபரேட்டர்.' அதற்குக் கீழே அவருடைய கோணல் கையெழுத்து.

கொட்டுகிற மழையில், குடைக்கடியில் யாரோ ஒரு காகிதத்தை நீட்டினதும், படிக்காமலே போட்டுக் கொடுத்ததும் ஏதோ கனவு போல அவருக்கு நினைவு வந்தது.

"நான் எட்டரை பஸ்ஸுல வர்றவ, எனக்குப் பார்க்க முடியாது. இங்க கூட்டிப் பெருக்க வர்ற சின்னம்மைக்காவைத்தான் கேட்பேன். 'மயில்சாமி அண்ணன் விடியக்காலையிலேயே ஊத்திட்டுப் போயிட்டாருங்க சிஸ்டர்'னு தினமும் சொல்லும்."

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. ஜீவிதா மேசையிலிருந்த கடிதத்தை எடுத்தாள்.

"மேனேஜருக்குன்னு எழுதியிருக்குதே? நான் குடுத்துடட்டுங்களா?"

மயில்சாமி கையை நீட்டினார்.

"இப்படிக் குடுங்க சிஸ்டர். ஒரு குடம் குறைக்க வேண்டிய ஆளோட பேரை மாத்தி எழுதிப்போட்டேன்."