மருமகளின் பாலுக்குப் பரிசோதனை

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நான், நமுனுகுல தோட்டத்து டாக்டர் நல்லையா, திரைக்குப் பின்னால் மகள் ஸவாஹிரா, மருமகள் ஹம்ஸியா, இருவருடைய கைக்குழந்தைகள். மகளின் ஆண் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தான். மருமகளின் பெண் பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தாள்.

எனக்கு மருமகளின் பால்மீதுதான் சந்தேகம். குறை என்று தெரிந்தால் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடத் தீர்மானித்திருந்தேன்.

முந்தின நாளே டாக்டர் அவள் பாலில் மஞ்சள் மருந்து கலந்து கண்ணாடிக் குழாயில் வைத்திருந்தார். பாலின் புரதச்சத்து அடியில் படிந்திருந்தது. குழாயின் கோடுகளைப் பார்த்து அளந்தார்.

"முதல்தரமான பால், முதலாளி."

"பொறகு ஏன் புள்ள மெலியுது? எங்க ஸவாஹிராட பாலையும் அளந்து பாருங்க. எங்க குடும்பத்துப் பால் எப்படின்னு வெளங்கும்."

திரைக்குள் அனுப்பிய கோப்பை வெகுநேரம் கழித்துக் காலியாகத் திரும்பியது.

"பால் எங்க மகள்?"

"எனக்குப் பாலே ஊறல்ல, வாப்பா."

"அப்ப ஒன்ட மகன் எதக் குடிச்சு இப்படிக் கொழுத்தான்?"

ஹம்ஸியாவின் குரல் மெல்லக் கேட்டது. "வெளிய தெரிஞ்சா வெக்கம்னு மதினி அழுதாங்க, மாமா. நான்தான் ரெண்டு புள்ளைக்கும் குடுத்தேன்."

அந்த இரு குழந்தைகளுக்கும் பிறந்தவுடனே நான் பேசி வைத்திருந்த கல்யாணத்தை அன்றே நிறுத்தினேன்.

பேத்தி மெலிந்தவள் என்பதால் நிறுத்தினேன் என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். அது பொய். ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் எங்கள் மார்க்கத்தில் உடன்பிறந்தவர்கள். அண்ணனுக்கும் தங்கைக்கும் நிக்காஹ் இல்லை.