ஏழாம் நம்பர் கத்தி

“சொந்தக்காரங்க கூட்டிட்டு வந்த மூணு பேரையும் விரட்டியாச்சு. இந்தத் தடவை உங்க பொண்ணு தானே பார்த்துக் கூட்டிட்டு வர்றா. இவருகிட்டயாவது அந்தக் கத்தியை நீட்டாம இருங்களேன்!”

மனைவி கெஞ்சினாள். பைண்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊர் உலகத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பார்கள். புத்தகம் பைண்டு செய்யும் இந்த மனிதர், பையன் கையில் ஒரு மடக்குக் கத்தியையும் ஒரு பேரிக்காயையும் கொடுப்பார். அவ்வளவுதான் பரீட்சை.

முதல் பையன் கத்தியைப் பல்லால் கடித்து இழுத்துத் திறந்தான். “போயிட்டு வாப்பா.”

இரண்டாவது பையன் அறுத்து முடித்து அலகை நக்கினான். “போயிட்டு வாப்பா.”

மூன்றாவது பையன் துடைக்காமல் ஈரத்தோடு மடக்கினான். அவனுக்கு ‘போயிட்டு வாப்பா’கூடக் கிடைக்கவில்லை.

“ஒரு கத்தியைத் துடைச்சு வைக்கத் தெரியாதவன் என் பொண்ணை எப்படி வெச்சுக்குவான்?”

அவரிடம் பதினோரு கத்திகள். எல்லாம் மரப்பிடி போட்டவை. ஒரு பெட்டிக்குள் பள்ளம் பள்ளமாகக் குடைந்து, சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு துணி போர்த்தியிருப்பார். ஞாயிறு காலையில் ஒவ்வொன்றாகத் துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். மற்ற நாளில் பெட்டியைத் திறக்கமாட்டார். மனைவி அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மகள் கூட்டிவரப்போவது ஒரு வயலின் வாத்தியாரை.

“அம்மா, அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாலே நான் கண்ணை மூடிக்குவேன். அவர் கையில போய் அப்பா கத்தியைக் கொடுத்தா...”

“மூக்கைத் துடை. ஒரு வாரம் இருக்கில்ல? நீ கத்துக்கொடு. கத்தியை நான் எடுத்துத் தர்றேன்.”

திங்கட்கிழமை பைண்டர் பட்டறைக்குப் போனதும் பெட்டியைத் திறந்தாள். கைக்கு வந்தது ஏழாம் நம்பர். காலிப் பள்ளத்தில் துணி குழிந்து காட்டிக்கொடுக்குமே? அங்கே ஒரு கேரட்டை வைத்தாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

அன்றிலிருந்து மகளுக்கு ஆபீசில் தினமும் ‘ஓவர்டைம்’.

செவ்வாய்: “ஒரு விரல் போச்சும்மா.”

புதன்: “இன்னொண்ணும் போச்சு. தக்காளிக்குத்தான் ஒரு கீறல்கூட இல்லை.”

வெள்ளி: “மூணு விரல்லயும் பிளாஸ்திரி. வயலினைத் தொட முடியலை, வாயாலயே பாடிப் பாடிக் கிளாஸ் எடுக்கறார். போதும்னு சொன்னா கேக்கமாட்டேங்கறார்மா!”

சனி: “அம்மா! அறுத்துட்டார்! பழத்தை!”

பைண்டர் எதையும் கண்டுகொள்ளவில்லை. அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் ஒரு கேரட்டைக் கடித்துக்கொண்டு பேப்பர் படித்தார். “கண்ணுக்கு நல்லதாம்,” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் கத்தி பெட்டிக்குத் திரும்பியது. பள்ளத்திலிருந்த கேரட் வாடக்கூட இல்லை. நல்ல காய் என்று சூப்பில் நறுக்கிப் போட்டாள்.

ஞாயிறு. கொட்டுகிற மழையில் பையன் வந்து சேர்ந்தான்.

“கையில என்ன?”

“வயலின் தந்தி அறுத்துடுச்சு சார்.”

“ம்.”

பைண்டர் பெட்டியைத் திறந்தார். பதினோரு கத்திக்கும் பதினோரு குணம். பையனுக்குப் பழக்கமானது ஒன்றே ஒன்று.

அவர் விரல் பதினொன்றாம் நம்பர்மேல் நின்றது. ஒன்பதுக்கு நகர்ந்தது. மூன்றைத் தடவிப் பார்த்தது. மகள் அம்மாவின் கையைப் போட்டு நசுக்கினாள்.

கடைசியில் ஏழாம் நம்பரை எடுத்து நீட்டினார்.

“அறுப்பா.”

மழை ஈரத்தில் மரப்பிடி ஊதி, அலகு உள்ளேயே இறுகிக் கிடந்தது. பையன் நகத்தால் இழுத்தான். வரவில்லை. பல்லுக்குக் கொண்டுபோகவில்லை. பிடியின் அடிப்பக்கத்தை மேஜை விளிம்பில் ‘டக்’கென்று ஒரு தட்டு. அலகு மூக்கை நீட்டியது. விரித்தான். அலகு மடங்கிவிடாமல், பிடியின் கழுத்திலிருந்த வளையத்தைத் திருப்பிப் பூட்டினான். நாக்கைத் துருத்திக்கொண்டு பேரிக்காயை அறுத்தான். அலகைத் துடைத்தான். மடக்காமல், காய்வதற்காக விரித்தபடியே, பிடி அவர் பக்கம் இருக்கும்படி மேஜைமேல் வைத்தான்.

பைண்டர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். மூன்று பேரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார் மோரெல்லாம் வேணாம். மாமான்னு கூப்பிடு.”

மகள் துள்ளின துள்ளலில் மிச்சப் பேரிக்காய் தரையில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்த பையன், மேஜையில் ‘ணங்’கென்று தலையை இடித்துக்கொண்டு சிரித்தான்.

எல்லாம் முடிந்து, பையனை வழியனுப்ப மகளும் கூடவே கிளம்பிப் போய்விட்டாள். மனைவி பாட்டை முணுமுணுத்தபடி தட்டுக் கழுவினாள். பைண்டர் ஏழாம் நம்பரின் கீலில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்குக் கேரட் வாங்கு.”

“ஒரு கிலோ வாங்கினேனே, இருக்குமே?”

“இல்லை. திங்கட்கிழமையிலேர்ந்து தினம் ஒண்ணு மாத்தி வெச்சேன். வாடி அழுகினா பக்கத்துக் கத்தியெல்லாம் துருப்பிடிக்காதா?”

தட்டு அவள் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

“அடப்பாவி மனுஷா! தெரிஞ்சேதான் ஏழாம் நம்பரை எடுத்துக் கொடுத்தீங்களா? அப்புறம் எதுக்குங்க இந்தப் பரீட்சை?”

பைண்டர் கத்தியை மடக்கினார்.

“முதல் மூணு பேருக்காக என் பெட்டியில யாரும் கை வைக்கலையே.”