ஒற்றைச் சொல் பதில்

"அந்தத் 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' எதுக்குக்கா? யார் வீட்டுக் கூரையையாவது பிரிச்சிட்டியா?"

தங்கை வுலான் கேட்டதும் ரெத்னோ அந்த வரியை அழித்தாள். பிறகு மனசு கேட்காமல் திரும்ப எழுதினாள். யோக்யகர்த்தாவில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள சோற்றுக்கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ரெத்னோவின் தட்டில் சோறும் குடெக் என்ற பலாக்காய்க் கறியும் முட்டையும் ஆறிக்கொண்டிருந்தன.

முனைவர் பட்ட ஆய்வின் முதல் சந்திப்புக்கு நேரம் குறிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த வாட்ஸ்அப் செய்தி. பருவம் தொடங்கி இரண்டு வாரமாகியும் மாணவரும் வழிகாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு முன்னால் செய்தி அனுப்பக் கூடாது. தொழுகை நேரத்தில் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூடவே கூடாது. துறைக் கதவில் ஒட்டியிருக்கும் இந்த விதிகள், சேர்ந்த நாளிலிருந்தே ரெத்னோவுக்கு மனப்பாடம். இன்று திங்கள். மணி ஏழு ஐம்பது.

"திர்தோவை நினைச்சாதான் பயமா இருக்கு" என்றாள்.

வுலானுக்கும் திர்தோவைத் தெரியும். துறையிலேயே கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். ஆய்வில் சேர்ந்த முதல் வாரமே தன் வழிகாட்டிக்குப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினான். "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. எது சரி, நேரில் வரவா, வேண்டாமா என்று கேட்கத் துணிவில்லாமல் ஆறு மாதம் அந்த அறைப்பக்கமே போகவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சோலோ நகரில் செல்போன் விற்கப் போய்விட்டான்.

"முதல் நாளே பயந்துட்டா அப்புறம் நாலு வருஷமும் ஒளிஞ்சு ஒளிஞ்சுதான் திரியணும். தெரியாததைத் தெரியலன்னு சொல்ற தைரியம் ஆரம்பத்துலயே வரணும், வுலான்."

"அப்ப அதையே எழுதேன். எனக்கும் பயந்தான்னு."

"சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சா பயம் போயிடும்ல? நல்லதுதானே."

எட்டு மணி ஆனதும் ரெத்னோ கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். நாளை காலை பத்து மணிக்குச் சந்திக்கலாமா என்று கேட்டிருந்தாள். தனக்கு இது முதல் தடவை, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, தவறு செய்தால் தயங்காமல் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். மன்னிப்பு வரியும் கடைசியில் இருந்தது.

இரண்டு குறிகளும் நீலமாயின. எதிர்முனையில் எழுதுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. அதற்குள் வுலான் அக்காவின் தட்டிலிருந்த முட்டையையும் சேர்த்துத் தின்று முடித்தாள்.

எட்டு இருபதுக்குப் பதில் வந்தது. ரெத்னோ படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தங்கையிடம் நீட்டினாள்.

"மதிப்பிற்குரிய பேராசிரியர் ரெத்னோ அம்மா அவர்களுக்கு, தொந்தரவுக்கு மன்னிக்கவும். நான் பான்ஜி, உங்களுடைய முதல் முனைவர் பட்ட மாணவன். இரண்டு வாரமாக உங்களுக்கு எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். நாளை அவசியம் வருகிறேன். கையில் ஒன்றும் தயாராக இல்லை. அப்படியே வரலாமா, அம்மா?"

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் "சரி" என்று தட்டிய ரெத்னோ, அனுப்பப் போன விரலை நிறுத்தி, அதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.