மூன்றாவது மெஷின்

பனியன் கம்பெனி மூடிய பிறகு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்த தமயந்தி, அன்று ஜாவாஸ்கிரிப்ட் கணினி மொழியில் ‘மேப்’ என்ற கட்டளையைப் பழகினாள். ஒரு தடவை சொன்னால் போதும், அது வரிசையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் போய் வேலையை முடித்துவிட்டு வருமாம். தையல் மெஷின்களில் தன்னோடு இருந்தவர்களின் பெயர்களை, உட்கார்ந்திருந்த வரிசையிலேயே அடித்தாள். ஒவ்வொரு பெயரோடும் ‘அக்கா’ சேர்க்கச் சொல்லி ஓடவிட்டாள். திரையில் ஒரு பெயர்கூட இல்லை. எத்தனை பேரோ அத்தனை ‘அன்டிஃபைன்ட்’, இங்கே ஒன்றுமில்லை என்று. கம்பெனியைப் பூட்டிய அன்று பார்த்த ஸ்டூல்களைப் போல, இடம் இருந்தது, ஆள் இல்லை.

பக்கத்து சீட் ஷர்மிளா எட்டிப் பார்த்தாள். “கொண்டு வான்னு சொல்ற ‘ரிட்டர்ன்’ போட மறந்துட்டீங்கக்கா. எல்லார்கிட்டயும் போயிட்டு வெறுங்கையோட வந்திருக்கு.”

“அப்ப நான் எழுதினவங்க?”

“மேப் புதுசா ஒரு வரிசை போடும், பழசைத் தொடாது. மேல பாருங்க.”

தமயந்தி மேலே நகர்த்தினாள். ஜோதிமணி, அடுத்து நசீமா, மூன்றாவதாக, போன வருஷம் செத்துப்போன பூரணி. அவரவர் மெஷினில் அப்படியே இருந்தார்கள். ரிட்டர்ன் சேர்த்தாள். ஓடவிடும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது.

“பூரணிகிட்டயும் போகுமா?”

“ஒருத்தரையும் விடாதுக்கா,” என்றாள் ஷர்மிளா, பூரணி யாரென்றே தெரியாமல்.