பச்சையில் மட்டும் விழுந்த கோடு

நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து படத்தைப் பார்த்தார். கோடு இருந்த இடத்தில்தான் இருந்தது.

ஓரியன் நெபுலா என்ற விண்முகிலின் நடுவே, ரோஜா நிறமும் நீலமும் புகைபோலக் கலந்து கிடந்த இடத்தில், நூல் பிடித்தாற்போல ஒரு பச்சைக் கோடு. இடையிடையே முடிச்சுப் போட்ட மாதிரி சில புள்ளிகள்.

நூலகத்து மாடிக் கூடத்தில் வானியல் மன்றத்தின் வருடாந்திரப் போட்டி. சுவரெல்லாம் நிலாவும் நட்சத்திரமும். ஆனால் காலையிலிருந்து இந்தப் படத்தின் முன்னால் மட்டும் கூட்டம் கலையவில்லை.

படத்துக்குச் சொந்தக்காரி பக்கத்தில் நின்றாள். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிற இடத்தில் அவளுக்கு வேலை. "பல்லைக் காட்டிப் பிழைக்கிற குடும்பம் நாங்க" என்று அவள் கணவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"என்னைக் கேட்டா இதுதாம்மா முதல் பரிசு," என்றார் நடுவர். "ஆனா இந்தக் கோடு கண்ணை உறுத்துது. ஏதோ விமானம் குறுக்க போயிருக்கு. லேப்டாப் இருக்குல்ல? சாப்பாட்டுக்கு முன்னாடி அதை அழிச்சுட்டுக் கொடுத்துடுங்க, போதும்."

நல்ல மனிதர். உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

"அது தானாவே போயிடுச்சு சார். நான்தான் திரும்பக் கொண்டுவந்தேன்."

நடுவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விளையாடுகிறாளோ என்று சந்தேகம்.

அவள் சொன்னது உண்மை. அவளுடைய கேமராவுக்கு நிறம் என்பதே தெரியாது, கறுப்பு வெள்ளைதான். சிவப்பு ஃபில்டரை முன்னால் வைத்துக் கொஞ்சம் படங்கள் எடுப்பாள். பச்சையை வைத்துக் கொஞ்சம், நீலத்தை வைத்துக் கொஞ்சம். எல்லாமே சாம்பல் பூசின மாதிரிதான் வந்து விழும்.

ஒவ்வொரு ஃபில்டரில் எடுத்ததையும் மென்பொருள் தனித்தனியாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். எல்லாப் படத்திலும் இருப்பது நிலைக்கும். ஏதோ ஒன்றில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போனது குப்பை என்று கழிந்துவிடும். அப்புறம் மூன்று அடுக்குக்கும் அதனதன் நிறத்தைக் கொடுத்துச் சேர்த்தால் சாம்பலுக்குள்ளிருந்து வானம் நிறம் கொண்டு எழுந்து வரும். அந்த நேரத்தில் வீட்டில் யார் கூப்பிட்டாலும் அவள் காதில் விழாது.

இந்தக் கோடு பச்சையில் எடுத்த ஒரே ஒரு படத்தில் இருந்தது. மென்பொருள் ஈயைத் தட்டுவது போல அதைத் தட்டிவிட்டது. அவள் அந்த ஒரு படத்தைத் தேடியெடுத்து, கோட்டை மட்டும் வெட்டிப் பிரித்து, பச்சை அடுக்கின் மேல் பொருந்தும்படி உட்கார வைத்தாள். ஒரு விடுமுறை நாள் முழுக்க அதற்கே போனது.

சங்கதி கேட்டு மன்றச் செயலாளர் ஓடி வந்தார். அவள் முதன்முதலில் எடுத்த மங்கலான நிலாவைக்கூட மாட்டி வைத்தவர்.

"வெண்ணெ திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்கிறீங்களேம்மா."

அவள் சிரித்தாள். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பக்கத்தில் நின்ற கணவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

காரணத்தைச் சொல்லியிருந்தால் நடுவரின் மனம் இளகியிருக்கும். இளகின மனம் தருகிற பரிசு அவளுக்கு வேண்டாம். படம் நன்றாயிருந்தால் கோட்டோடு நன்றாயிருக்கட்டும்.

முதல் பரிசு ஒரு நிலாப் படத்துக்குப் போனது. எல்லோரையும்விட அவள்தான் பலமாகக் கை தட்டினாள். தெரியாமல் வந்தவர்கள் அவளைத்தான் ஜெயித்தவள் என்று நினைத்தார்கள். நின்ற நிற்பு அப்படி.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தார்கள். செயலாளர் படங்களைச் சுவரிலிருந்து இறக்கிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். அவளுடைய படத்தைப் பாதி சுற்றியபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இதைக் கேட்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது. அப்படி என்னதாம்மா இருக்கு அந்தக் கோட்டுல?"

பரிசு கொடுத்தாகிவிட்டது. இனி யார் மனம் இளகினாலும் பாதகமில்லை. அவள் கணவரைப் பார்த்து, ம், என்றாள்.

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தவர் மூச்சுவிடாமல் கொட்டினார். "விமானத்துக்கு இடது இறக்கையில சிவப்பு விளக்குங்க, வலதுல பச்சை. அது அந்த வலது விளக்கு. வலது பக்க சீட்டுல எங்க பொண்ணு உட்கார்ந்திருந்தா. விமானியா அவளுக்கு அன்னைக்குத்தான் முதல் நாள்."

விமானங்கள் போகிற தடத்தை விட்டு ஒதுங்கித்தான் அவள் எப்போதும் படமெடுப்பாள். அன்று இரவு வேண்டுமென்றே அதற்குக் குறுக்கே தொலைநோக்கியை நிறுத்தினாள். கைபேசியில் மகளின் விமானம் நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நெருங்கியதும் பச்சை ஃபில்டரை மாட்டினாள். சிவப்பு விளக்கை அது உள்ளே விடவில்லை. மகள் பக்கத்து விளக்கை மட்டும் விட்டது.

அன்று வேறு விமானங்களும் அந்த வழியாகப் போயின. அவற்றின் கோடுகளை மென்பொருள் அழித்தபோது அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

செயலாளர் சுற்றிய தாளைப் பிரித்தார்.

அவள் படச் சட்டத்துக் கண்ணாடியின் ஓரத்தில், கோடு தொடங்குகிற இடத்தில் விரலை வைத்தாள்.

"இப்படி வந்தா," என்றாள். நெபுலாவின் நடுவழியாக விரல் மெல்ல நகர்ந்து மறு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. "இப்படிப் போயிட்டா."